விழக் கற்றவர்

ஜூடோ பயில வரும் குழந்தைக்கு முதலில் கற்றுத்தரப்படுவது எதிராளியை வீழ்த்தும் முறையன்று. தான் விழும் முறை. 'உகேமி' என்று ஜப்பானியர் அதற்குப் பெயரிட்டுள்ளனர். முன்புறம், பின்புறம், வலம், இடம் எனத் திசைதோறும் விழ வேண்டும். விழும்போது மோவாயை மார்போடு சேர்த்துத் தலை தரையில் மோதாமல் காத்துக்கொள்ள வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் கையை வீசி விரிப்பின்மீது ஓங்கி அறைய வேண்டும். விழுந்த வேகம் அந்த அறையில் சிதறிப்போகும். இதில் தேர்ந்த பிறகே பிடிகளும் எறிமுறைகளும் வரும். பாடத்திட்டம் வகுக்கும் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். விழுவதை முதல் அலகாக வைத்த பாடத்திட்டம் எதையும் அங்கே நான் கண்டதில்லை.

அப்பாடத்தை ஏழெட்டு வயதிலேயே கற்றுக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றியது இக்கட்டுரை. ரியோகோ தமுரா 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்தவர். தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் படித்தபோது, அண்ணனைப் பின்பற்றித் தாமும் ஜூடோ பயிலத் தொடங்கினார். வளர்ந்து முடித்தபோது அவருடைய உயரம் 146 சென்டிமீட்டர். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டிற்கு உயர வரிசையில் நிற்கச் சொன்னால் முதல் ஆளாக நிற்க வேண்டிய உயரம். அந்த உடலைக் கொண்டு 48 கிலோகிராம் எடைப்பிரிவில் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் களமிறங்கினார். ஐந்திலும் பதக்கம் பெற்றார். உலகப் பட்டத்தை ஏழு முறை வென்றார். ஆண்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஜூடோவில் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்களை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. இந்தப் பட்டியலைக் கண்டு வியப்பவர் பலர். எனக்கு அவர்மீது மதிப்பு ஏற்பட்டது பட்டியலின் இடைவெளிகளைக் கவனித்த பிறகுதான்.

மென்மையின் வழி

'ஜூ' என்பது மென்மை, வளைந்துகொடுத்தல். 'டோ' என்பது வழி. பழைய மற்போர் முறைகளிலிருந்து ஊறு விளைக்கும் கூறுகளை நீக்கி, 1882ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் இடம் பெற்று, இக்கலையைக் கற்பிக்கத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. அவரும் ஓர் ஆசிரியர். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். (ஆசிரியர் என்பதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை.)

எதிராளி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதே, இழு. இழுக்கும்போது எதிர்த்து இழுக்காதே, தள்ளு. இதுவே அவர் கண்ட நுட்பம். எதிராளியின் வலிமையே அவருடைய சமநிலையைக் குலைக்கும் கருவியாகிவிடுகிறது. சமநிலை குலைந்த உடலை எறிவதற்குப் பெரிய வலிமை தேவையில்லை. ஆற்றலோடும் வேகத்தோடும் எதிராளியின் முதுகு தரையில் படும்படி எறிந்துவிட்டால் நடுவர் 'இப்போன்' என்று அறிவிப்பார். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கபடியில் முதல் பாதியில் இழந்த புள்ளிகளை மறுபாதியில் ஈடுசெய்யலாம். ஜூடோவில் ஆட்டம் தொடங்கிய பத்தாம் நொடியில் விழுந்தவருக்கு மறுபாதி கிடையாது.

இங்கேதான் தமுராவின் குட்டை உருவம் அவருக்குத் துணையாயிற்று. எறிய வேண்டுமெனில் எதிராளியின் உடலுக்குக் கீழே புக வேண்டும். நெட்டையானவர் அதற்காக முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். தமுரா ஏற்கெனவே அங்கே இருந்தார். அவர் திரும்பிப் புகுந்து முதுகில் ஏற்றி எறிவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

தாமதமாகத் திறந்த கதவு

ஆனால் களம் வேண்டுமே! கானோ பெண்களுக்கும் ஜூடோ கற்பித்தவர்தாம். எனினும் பெண்கள் போட்டியிடுவது நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்பட்டபோது அது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1959இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரஸ்டி கனோகோகி என்னும் பெண் தலைமுடியைக் குட்டையாக வெட்டி, மார்பைத் துணியால் இறுகக் கட்டி, ஆண்கள் அணியில் காயமுற்ற ஒருவருக்குப் பதிலாகக் களமிறங்கினார், வென்றார். பெண் எனத் தெரிந்ததும் பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவர் அதனை எண்ணி முடங்கவில்லை. பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை 1980இல் நியூயார்க்கில் நடத்திக் காட்டினார். 1988இல் சியோலில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. பதக்கத்திற்குரிய போட்டியாக 1992இல் பார்சிலோனாவில்தான் ஏற்கப்பட்டது. கனோகோகியின் பதக்கம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 2009இல் அவரிடமே திரும்ப வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

ஆக, தமுரா உரிய வயதை எட்டவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. 1990இல், தம் 15ஆம் வயதில், சொந்த ஊரில் நடந்த ஃபுகுவோகா பன்னாட்டுப் பெண்கள் போட்டியில் அவர் பட்டம் வென்றார். அக்காலத்தில் ஜப்பானில் நவோகி உரசாவா வரைந்த 'யவாரா' என்னும் சித்திரக்கதை பெரும் புகழ் பெற்றிருந்தது. 'ஜூ' என்னும் எழுத்தையே 'யவாரா' என்றும் படிக்கலாம். அக்கதையின் தலைவி ஒரு ஜூடோ வீராங்கனை, உருவத்தில் சிறியவள், வெல்ல முடியாதவள். தமுராவைக் கண்ட மக்கள் கதைப்பெண்ணே உயிர்பெற்று வந்துவிட்டாள் என்று களித்து 'யவாரா-சான்' என்று செல்லப்பெயர் சூட்டினர். செல்லப்பெயர் இனிமையானதுதான். ஆனால் கதைப்பெண் தோற்பதில்லை; அந்தப் பெயரைச் சுமந்தவர் உண்மையான எதிராளிகளோடு மோத வேண்டியிருந்தது.

பதினாறு வயது

பார்சிலோனாவில் களமிறங்கியபோது தமுராவுக்கு வயது 16. பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்கள் வயது. இறுதிப்போட்டி வரை சென்றார். அங்கே பிரான்சு நாட்டின் செசில் நோவாக்கிடம் தோற்றார். நோவாக் முந்தைய ஆண்டின் உலகப் பட்டத்தை வென்றவர். அப்போட்டியில் தமுராவுக்கு வெண்கலமே கிடைத்திருந்தது. பதினாறு வயதில் ஒலிம்பிக் வெள்ளி என்பதை எவரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சிறுபெண், இன்னும் காலம் இருக்கிறது என்றே உலகம் பேசிற்று.

அதன்பிறகு அவர் தோற்கவே இல்லை. 1993இல் உலகப் பட்டம். 1995இல் மீண்டும் உலகப் பட்டம். தொடர் வெற்றிகளின் எண்ணிக்கை ஐம்பதைக் கடந்தது, எண்பதையும் கடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் இறுதிப்போட்டிக்கு அவர் வந்தபோது தொடர்ந்து 84 ஆட்டங்களில் வென்றிருந்தார். எதிரே நின்றவர் வடகொரியாவின் கே சுன் ஹுய். சிறப்பு அழைப்பின்பேரில் போட்டியில் சேர்க்கப்பட்டவர். பன்னாட்டு அரங்கில் பெரிதும் அறியப்படாதவர். அவர் எப்படிப் பிடிப்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை முன்கூட்டி ஆராய்வதற்கு வழியே இருக்கவில்லை. அவருக்கு வயது 16.

ஆட்டம் முழுநேரமும் நீண்டது. தமுராவின் கைக்கு வழக்கமான பிடி அகப்படவில்லை. உடலுக்குக் கீழே புகுவதற்கு வழி கிடைக்கவில்லை. புள்ளிக் கணக்கில் கே வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் எந்த வயதில், எந்த இடத்தில் நின்றாரோ, அதே வயதில் அதே இடத்தில் வந்து நின்ற ஒரு பெண் தம்மைக் கடந்து செல்வதைத் தமுரா பார்க்க நேர்ந்தது. இம்முறை 'சிறுபெண், காலம் இருக்கிறது' என்று சொல்ல எவரும் இல்லை. கே சுன் ஹுயின் வெற்றியைத் தற்செயல் என்று ஒதுக்கவும் இயலாது. அவர் பின்னாளில் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் அன்று அதை யார் அறிவார்? அறியாத ஒருவரிடம் தோற்பது அறிந்த ஒருவரிடம் தோற்பதைவிடக் கசப்பானது.

நான்கு ஆண்டு

நம் பொதுத்தேர்வில் தவறியவருக்குச் சில வாரங்களில் துணைத்தேர்வு வந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களே சில வீடுகளில் எவ்வளவு நீளமானவை என்பதை ஆசிரியர் என்னும் முறையில் நான் அறிவேன். ஒலிம்பிக்கின் துணைத்தேர்வு நான்கு ஆண்டு கழித்து வரும். அதற்குள் முழங்கால் தேயலாம், தோள் நழுவலாம், உள்நாட்டிலேயே மற்றொருவர் முந்திவிடலாம். அத்துடன், நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, முன்பு செய்த அதே பயிற்சியை, முன்பு பலன் தராத அதே பயிற்சியை, மறுபடியும் செய்ய வேண்டும். தமுராவின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த நான்கு ஆண்டுகளே. நாளிதழ்களில் இவற்றைப் பற்றி எழுத மிகுதியாக ஒன்றும் இராது. 1997இல் பாரிசிலும் 1999இல் பர்மிங்காமிலும் உலகப் பட்டங்களை அவர் தக்கவைத்துக்கொண்டார் என்று இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். உலகப் பட்டம் நான்கு வென்றும் ஒலிம்பிக் தங்கம் இல்லாதவர் என்னும் சொல் மட்டும் அவரைத் தொடர்ந்தது.

சிட்னிக்குப் புறப்படும் முன்னர் அவர் தம் இலக்கை வெளிப்படையாகவே அறிவித்தார்: அதிகப்பட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம். இதனைச் செருக்கு என்று கருதியவர்களும் இருந்திருப்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இருமுறை வெள்ளியோடு திரும்பியவர் 'முயல்கிறேன், பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். மூன்றாம் முறையும் தோற்றால் ஒளிந்துகொள்ள அச்சொல் ஒரு நிழலாக இருந்திருக்கும். அந்த நிழலை அவர் தாமே வெட்டிப் போட்டுவிட்டுச் சென்றார்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16. இருபத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது. இறுதிப்போட்டியில் எதிரே உருசியாவின் லியூபோவ் புருலேத்தோவா. ஆட்டம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. தமுராவின் கால் எதிராளியின் தொடைக்கிடையே புகுந்து மேலெழுந்தது. புருலேத்தோவா முதுகுபட விழுந்தார். நடுவரின் கை உயர்ந்தது. எட்டு ஆண்டுக் காத்திருப்பு ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. அந்த வாரம் நம் நாட்டு நாளிதழ்களில் அவருக்குப் பேரிடம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. மூன்றாம் நாளே கர்ணம் மல்லேசுவரி பளுதூக்குதலில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நம் கண்கள் அங்கே இருந்தன, இருந்ததும் முறையே.

பெயரின் முன்னெழுத்து

2003ஆம் ஆண்டு இறுதியில் அவர் பேஸ்பால் வீரர் யோஷிதோமோ தானியை மணந்தார். ஜப்பானியச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்க வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் பெயரே மாறுகிறது. தமுரா, தானி ஆனார். ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கு முன்பாக அவர் சொன்னது இது: தமுராவாகவும் தங்கம், தானியாகவும் தங்கம்.

இதனைப் படித்தபோது நம் வருகைப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. தந்தையின் முதலெழுத்தோடு பள்ளியில் சேர்ந்த பெண்கள், சில ஆண்டுகள் கழித்துச் சான்றிதழுக்காக வரும்போது கணவரின் முதலெழுத்தோடு கையொப்பமிடத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டிலும் ஓவியத்திலும் பரிசு வாங்கிய பெயர் ஒன்று. இப்போது எழுதும் பெயர் வேறொன்று. பரிசுக்குரியவர் இவர்தானா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தானி ரியோகோ அக்கேள்வியை எவரும் கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பெயர் எதுவாயினும் விரிப்பின்மீது நிற்பவள் நானே என்று. கணுக்காலில் காயத்தோடு ஏதென்ஸ் சென்றவர், இறுதிப்போட்டியில் பிரான்சின் பிரெதெரிக் ஜோசினேவை வென்றார். கணவரும் அதே ஏதென்ஸில் ஜப்பான் பேஸ்பால் அணியில் ஆடினார். அவ்வணிக்குக் கிடைத்தது வெண்கலம்.

2005இன் இறுதியில் மகன் பிறந்தான். ஏறத்தாழ ஈராண்டுகள் போட்டிகளிலிருந்து விலகியிருந்தார். 2007இல் திரும்பி வந்து, இரியோ டி ஜெனிரோவில் ஏழாவது உலகப் பட்டத்தை வென்றார். அப்போது வயது 32. 'தாயாகவும் தங்கம்' என்பது பெய்ஜிங்கை நோக்கிய அவருடைய அடுத்த சொல்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்று

இவ்விடத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடுவார்கள். நான் சற்று நின்று செல்ல விரும்புகிறேன்.

2002இல் ஜப்பானின் உள்நாட்டுப் போட்டியில் ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவி தமுராவை வென்றார். தோமோகோ ஃபுகுமி என்பது அவர் பெயர். வயது, மீண்டும் 16. ஐந்தாண்டுகள் கழித்து, 2007 ஏப்ரலில் நடந்த தேசிய எடைப்பிரிவு இறுதிப்போட்டியிலும் ஃபுகுமியே வென்றார். ஆனால் அவ்வாண்டு உலகப் போட்டிக்குத் தெரிவு செய்யப்பட்டவர் தானி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே இறுதிப்போட்டியில் எமி யமகிஷியிடம் தானி தோற்றார். பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தெரிவு செய்யப்பட்டவர் மறுபடியும் தானி. பன்னாட்டு அரங்கில் அவர் பெற்றிருந்த வெற்றிகளே காரணமாகக் கொள்ளப்பட்டன.

இரியோவில் அவர் பட்டம் வென்றதால் அம்முடிவு சரியே என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுப்பப்பட்டவர் வென்றார் என்பது, அனுப்பப்படாதவர் வென்றிருக்க மாட்டார் என்பதற்குச் சான்றாகாது. அட்லாண்டாவில் பெயர் அறியாத ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அதனால்தான் உலகம் கே சுன் ஹுயை அறிந்தது. நேற்றைய வெற்றிகளை மட்டுமே தராசில் வைத்தால் நாளைய வீரர் எந்தத் தட்டில் ஏறுவார்? இது தானியின் குற்றமன்று. போட்டியில் கலந்துகொள்வதும் அழைத்தால் செல்வதும் வீரரின் கடமை. தெரிவு செய்வது பிறர் பொறுப்பு. ஆயினும் ஒருவரைப் போற்றும்போது, அவர் நின்ற இடத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் பெயர் சொல்லி நினைப்பது நேர்மை என்று கருதுகிறேன்.

பெய்ஜிங் அரையிறுதியில் எதிரே ருமேனியாவின் அலினா துமித்ரு. இருவரும் பிடிக்காகக் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தனர். எவரும் எறியத் துணியவில்லை. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது, முனைந்து தாக்கவில்லை என்று நடுவர் தானிக்குத் தண்டம் விதித்தார். அந்த ஒரு தண்டமே வெற்றி தோல்வியை முடிவு செய்துவிட்டது. விழாமலேயே தோற்றார். இப்போனுக்காகவே வாழ்ந்த ஒருவருக்கு இதைவிட விந்தையான தோல்வி வாய்த்திருக்க முடியாது.

தங்கம் போயிற்று, சொன்ன சொல்லும் போயிற்று. ஆனால் அன்றைக்கு இன்னோர் ஆட்டம் எஞ்சியிருந்தது. வெண்கலத்திற்கான அந்த ஆட்டத்தில், உருசியாவின் லியூத்மிலா பொக்தானோவாவை எறிந்து இப்போன் பெற்றார். வேண்டாத பதக்கத்திற்காக அவர் எறிந்த அந்த எறியில் எந்தக் குறையும் இல்லை.

2010இல் தானி ஜப்பான் நாடாளுமன்றத்தின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினராக இருந்துகொண்டே இலண்டன் ஒலிம்பிக்கிலும் போட்டியிட எண்ணியவர், அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். ஃபுகுமி 2009இல் உலகப் பட்டம் வென்றிருந்தார். 2012இல், தானியை முதன்முதலாக வென்று பத்தாண்டுகள் கழித்து, 48 கிலோகிராம் பிரிவில் ஜப்பானின் சார்பில் அவரே இலண்டனில் களமிறங்கினார். அரையிறுதியில் அவருக்கு எதிரே வந்து வணங்கி நின்றவர் அலினா துமித்ரு. ஃபுகுமி தோற்றார், அடுத்து வெண்கலத்திற்கான ஆட்டத்திலும் தோற்றார். அப்போது அவருக்கு வயது 27.